மோட்டார்ஹோமுக்கு (வீடு போல வசதிகள் உள்ள வண்டி) வெளியே கரண்ட் எடுக்கப் போகிறீர்களா?

உள்ளே இருக்கும் பிளக்கில் ஒயரைச் செருகி கதவிடுக்கு வழியாக வெளியே விடாதீர்கள், கதவு நசுக்கி நசுக்கி மேலுறை வெட்டுப்பட்டால் வண்டியின் உலோக உடம்பிலேயே கரண்ட் பாயும். வெளிப்பக்கத்தில் மூடி போட்ட, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐபி44 தரமுள்ள சாக்கெட் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள், அது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வருவது ரொம்ப முக்கியம். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சுவிட்ச் டக்கென்று விழ வேண்டும்.

இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்களா? பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது, அப்படியென்றால் கசிவு வந்தாலும் ஆர்சிசிபி விழாமல் போகலாம், எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், ஒயர் ரீலை முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுருட்டியபடியே ஹீட்டர் ஓட்டினால் சூடேறி உருகிவிடும். வெறும் விளக்குக்குத்தான் என்றால் 12 வோல்ட் எல்இடியே போதும்.