திருகோணமலையில் திமிங்கிலமும் முருகைக்கல்லும் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை என்று ஒரு வரிசையைக் கையில் வைத்திருப்பார்கள். இப்போது அதில் இன்னும் இரண்டு சேர்ந்திருக்கின்றன. ஒன்று, விடியற்காலையில் படகேறித் திமிங்கிலம் பார்ப்பது. மற்றது, ஊரவர் புறாமலை என்று சொல்லும் புறாத்தீவில் ஸ்நோர்கல் என்ற மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைகளைப் பார்ப்பது. போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் இங்கே இது ஒரு தொழிலாக வளர்ந்தது. நல்லபடியாகப் போய் வந்தவர்கள் வருடக்கணக்கில் அதையே பேசுகிறார்கள். ஒன்றையும் காணாமல், சத்தியெடுத்த களைப்போடு கரையேறுகிறவர்களும் நிறையப் பேர். அவர்களில் பலர் காற்றைப் பார்க்காமல் அவசரப்பட்டுப் போனவர்கள். இவ்வளவு தூரம் வந்து அப்படித் திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை.

முதலில் இந்தக் கடலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. அந்தச் சரிவு நீர்மட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. துறைமுகத்துக்கு மிக அருகிலேயே ஒரு பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி ஆழ்கடலுக்குப் போகிறது. அதனால்தான் வேறு இடங்களில் நடுக்கடலில் தேட வேண்டிய நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இங்கே கரைக்குப் பக்கத்தில் வருகின்றன. இலங்கையைச் சுற்றியுள்ள நீலத் திமிங்கிலங்கள் மற்ற நீலத் திமிங்கிலங்களைப் போலத் துருவக் கடல்களுக்குப் போய்வருவதும் இல்லை. ஆண்டு முழுவதும் இந்த வெதுவெதுப்பான கடல்களிலேயே இரை தேடுகின்றன. அவற்றின் முக்கியமான இரை, நாம் கருவாட்டுக் கடையில் வாங்கும் கூனி இறாலின் இனத்தைச் சேர்ந்த சின்ன இறால்கள்.

மாதத்தை மாற்றி வருவது

மிரிசாவில் எடுத்த திமிங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு டிசம்பரில் திருகோணமலைக்கு வருகிறார்கள். மிரிசா தெற்கே இருக்கிறது. அங்கே பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் வாடைக்காற்றும் மழையும். கடல் கலங்கிப் பொங்கிக்கொண்டிருக்கும். இங்கே திமிங்கிலத்துக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரையும், புறாத்தீவுக்கு மே முதல் செப்டம்பர் வரையும் நல்ல காலம். வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அப்படியே இங்கேயும் வந்து போகலாம், பருவம் அநேகமாகப் பொருந்தும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வருகிறவர்கள் தெற்கே போவதுதான் நல்லது.

காற்றைக் கேட்காமல் படகைக் கேட்பது

எல்லாரும் முதலில் விலையைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "நாளைக்குக் காற்று எப்படி?" என்பதைத்தான்.

மே மாதத்துக்குப் பிறகு இங்கே மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். தரையைக் கடந்து வருவதால் வெப்பமாகவும் வறட்சியாகவும் இருக்கும். விடியற்காலையில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். ஏமாறும் இடம் இதுதான். கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரத்தில் அலையே தெரியாது. நிலாவெளியில் நின்று பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். சில கிலோமீட்டர் வெளியே போனால் வெண்நுரை தெரியும். திரும்பி வரும்போது எதிர்காற்று, முகத்தில் உப்புத் தண்ணீர். கடல் நுரைத்துவிட்டால் திமிங்கிலம் விடும் மூச்சும் கண்ணுக்குப் படாது.

ஆகவே ஐந்தரை, ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். "எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே" என்று சொல்கிற ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார். அந்த ஒரு நாள் மட்டும் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். ஒரே நாளில் காலையில் திமிங்கிலம், வந்த கையோடு புறாத்தீவு என்று போடும் திட்டமும் இதே தவறுதான். புறாத்தீவை அடையும்போது பத்தரை, பதினொரு மணி ஆகிவிடும். காற்று கிளம்பியிருக்கும், கூட்டம் நிறைந்திருக்கும், நீங்களும் வெயிலில் வாடியிருப்பீர்கள். இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இரவுப் பயணம் முடிந்ததும் படகில் ஏறுவது

கொழும்பிலிருந்து இங்கே சுமார் 260 கிலோமீட்டர். இரவு முழுவதும் பஸ்ஸில் தூங்காமல் வந்து, வெறும் வயிற்றோடோ கொத்து ரொட்டி நிறைந்த வயிற்றோடோ நேரே படகேறினால் கடல் மயக்கம் நிச்சயம். ஒரு நாள் முன்பே வந்து நன்றாகத் தூங்குங்கள். காலையில் இரண்டு பிஸ்கட், ஒரு வாழைப்பழம் போதும். மயக்க மாத்திரை போடுகிறவர்கள் அதைப் புறப்படுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு விழுங்கிப் பலனில்லை. படகில் கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

இங்கே ஓடுபவை பெரும்பாலும் திறந்த பைபர் படகுகள். அலையில் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலி உள்ளவர்கள் பின்பக்கம் உட்கார வேண்டும், கர்ப்பிணிகள் போகவே கூடாது. கழிப்பறை கிடையாது. மூன்று நான்கு மணி நேரம் ஆகும் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூட்டிப்போய் அவர்களைச் சங்கடப்படுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உயிர்காப்பு அங்கியைக் கால்மாட்டில் போட்டுவைக்காமல் கரையிலேயே மாட்டி, பட்டிகளை இறுக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் இல்லையென்றால் அந்தப் படகு வேண்டாம்.

கிட்டப் போகச் சொல்லிப் படகோட்டியை நெருக்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. செய்கிறவர்களுக்கு இது தவறென்றே தெரியாது.

ஒருமுறை கனடாவிலிருந்து வந்த சின்னம்மாவின் பிள்ளைகளோடு போயிருந்தேன். தூரத்தில் ஒரு நீலத் திமிங்கிலம் மூச்சு விட்டது. நேராக மேலெழும் வெள்ளைத் தூண், ஒன்பது மீட்டர் வரை போகும். உடனே எல்லாரும், "அண்ணை, கிட்டப் போங்கோ, இன்னும் கிட்டப் போங்கோ" என்று குரல் கொடுத்தோம். நானும்தான். அவர் எஞ்சினை முறுக்கினார். எங்களைப் பார்த்து இன்னும் மூன்று படகுகள் வந்தன. திமிங்கிலம் இரண்டு மூச்சோடு கீழே போய்விட்டது. பிறகு அதைக் காணவே இல்லை. படகோட்டி மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நான் நிப்பாட்டியிருந்தா அது இன்னும் அஞ்சாறு தரம் மூச்சு விட்டிருக்கும்." அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அன்று அவருக்கு அதைச் செய்ய நாங்கள் இடம் கொடுக்கவில்லை.

நீலத் திமிங்கிலம் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கீழே இருந்துவிட்டு மேலே வரும். வந்ததும் தொடர்ந்து பல முறை மூச்சு விட்டு, இரத்தத்தில் ஒட்சிசனை நிரப்பிக்கொண்டு, மறுபடி இரைக்காக இறங்கும். இறங்கும்போது வாலைத் தூக்குமே, எல்லாரும் படம் எடுக்க ஆசைப்படும் அந்தக் காட்சி, அது முழு மூச்செடுத்து ஆழமாக இறங்கும் திமிங்கிலம் செய்வது. விரட்டப்பட்டது பாதி மூச்சோடு நழுவிவிடும். அதற்கு இரை போய்விடுகிறது, உங்களுக்குக் காட்சி போய்விடுகிறது.

எண்ணெய்த் திமிங்கிலத்தின் கணக்கு வேறு. அது முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆழத்தில் இருக்கும். பெட்டி மாதிரியான தலை. மூச்சுத் துளை முன்பக்கம் இடப்புறமாக இருப்பதால் அதன் மூச்சு நேராக எழாமல் முன்னால் இடப்பக்கம் சாய்ந்து போகும். தூரத்திலிருந்தே இனம் பிரிக்க இந்த ஒன்று போதும். சித்த வைத்தியத்தில் மீனம்பர் என்பார்களே, அது இதன் குடலில் உருவாவதுதான். இது கீழே போன இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கும் படகோட்டி கிடைத்தால் அவருக்குக் கூடுதலாகவே காசு கொடுங்கள். "சும்மா நிற்கிறார், எரிபொருளை மிச்சம் பிடிக்கிறார்" என்று முணுமுணுக்க வேண்டாம்.

இலங்கையில் 2012இல் இதற்கென்று விதிகள் வந்தன. திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது. முன்னால் போய் வழிமறிப்பது, தாயையும் குட்டியையும் பிரிக்கும்படி நடுவில் நுழைவது, நாலு பக்கமும் சூழ்வது எல்லாம் தவறு. பக்கவாட்டில், அதே திசையில், அதைவிட வேகம் குறைத்துப் போக வேண்டும். விதி தெரிந்த படகோட்டிகள் இங்கே நிறைய இருக்கிறார்கள். படகில் இருக்கும் பத்துப் பேரும் கத்தினால் அவரும் என்ன செய்வார்? அந்த நாளின் வருமானம் உங்கள் கையில் இருக்கிறது. ஏறும்போதே, "தூரத்தில் நின்று பார்த்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறுவது தெரியும்.

திமிங்கிலத்தோடு கடலில் இறங்கி நீந்தலாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிறப்பு அனுமதி இல்லாமல் அது சட்டப்படி குற்றம். ஆழ்கடலில், படகுகள் ஓடும் இடத்தில் குதிப்பது உயிருக்கும் ஆபத்து.

புறாத்தீவில்

நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம். 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. படகுக் கூலி வேறு, வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுக் கட்டணம் வேறு. பலர் படகுக் கூலியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கரையில் வாக்குவாதப்படுகிறார்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம் என்பதையும் முன்பே கணக்கில் வையுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் சனி ஞாயிறிலும் போகாதீர்கள். கூட்டத்தில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, முருகைக்கல்லுக்கும் தாங்காது.

1998இல் கடல் சூடேறி தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கம் முருகைகள் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கத்தவை பெரிய சேதமில்லாமல் தப்பின. சூட்டிலிருந்து தப்பியவற்றை நாம் காலால் மிதித்து உடைத்துக்கொண்டிருக்கிறோம். மூச்சுக்குழாயில் தண்ணீர் புகுந்தவுடன் பதறி எழுந்து நிற்கிறார்கள். நிற்கும் இடம் உயிருள்ள முருகை. பாறை போல் உருண்டு இருக்கும் வகை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் இரண்டு சென்ரிமீட்டர் வரைதான் வளரும். கால்பந்து அளவுள்ள ஒரு முருகைக்கு உங்கள் வயது இருக்கலாம். அதனால் புறாத்தீவுக்குப் போகும் முன் இடுப்பளவுத் தண்ணீரில், வெறும் மணல் தரையில் பழகிக்கொள்ளுங்கள். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் பலமாக ஒரு ஊது, முகக்கண்ணாடிக்குள் வந்தால் மேல் விளிம்பை அழுத்தி மூக்கால் ஊது. பத்து நிமிடத்தில் கைவந்துவிடும். கண்ணாடி பனிக்காமல் இருக்க உள்ளே எச்சில் தடவிக் கழுவினால் போதும். மீசை உள்ளவர்களுக்குத் தண்ணீர் கசியும், மூக்கின் அடியில் கொஞ்சம் வாசலின் பூசலாம்.

அப்புறம் அந்தக் கச்சான் காற்று. தீவின் மறுபக்கத்தில் முகத்தைத் தண்ணீரில் வைத்து மீன் பார்த்துக்கொண்டே மிதந்தால், காற்று உங்களைச் சத்தமில்லாமல் வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும். இங்கிருந்து நேர் கிழக்கே அடுத்த கரை நிக்கோபார் தீவுகள்தான். தனியாக இறங்காதீர்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரை எங்கே என்று பாருங்கள். நல்ல நீச்சல்காரரும் அங்கியோடு இறங்குவதில் வெட்கமில்லை.

சூரியக் கிரீம்களில் உள்ள ஒக்சிபென்சோன் போன்ற பொருட்கள் முருகைக்குக் கெடுதல் என்று ஹவாய் 2021 முதல் அவற்றின் விற்பனையையே தடுத்திருக்கிறது. முழுக்கைச் சட்டையோடு இறங்கினால் கிரீமே பெரிதாகத் தேவைப்படாது. வெயில் முதலில் சுடுவது முதுகைத்தான்.

இங்கே கறுப்புச் செட்டைச் சுறாக்களைப் பார்க்கலாம். கூச்ச சுபாவம் உள்ளவை, விரட்டினால் ஓடிவிடும், அசையாமல் மிதந்தால் பக்கத்தில் சுற்றும். மீனுக்குப் பாண் துண்டு போடாதீர்கள். பொந்துகளுக்குள் கை விடாதீர்கள். கரை முழுவதும் செத்த முருகைத் துண்டுகள் கிடப்பதால் கால் வெட்டும், ரப்பர்ச் செருப்பு வேண்டும். அந்தத் துண்டுகளில் ஒன்றைக்கூட எடுத்துப் பையில் போடக் கூடாது.

படகு ஒத்துவராதவர்களை அறையில் விட்டுவிடுவது

அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குக் கடல் என்றாலே தலைசுற்றல், ஆகவே அவர்களை அறையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். தேவையே இல்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் ஒரு தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு காலைப் பூசைக்குக் கோணேசர் கோயிலுக்கு அவர்களைக் கூட்டிப் போங்கள். பூசை முடிந்ததும் மலையில் உள்ள இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குப் பக்கத்துச் சுவரோரம் நிழல் பார்த்து உட்காரவைத்து, வெளிக்கடலில் வெள்ளையாக ஏதாவது எழுந்து மறைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று தெரிந்தால் அந்த இடத்திலேயே கண்ணை வையுங்கள், அடுத்த மூச்சு வரும். பள்ளத்தாக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் மலையில் நின்றே நீலத் திமிங்கிலத்தைப் பார்க்கக்கூடிய இடம் இது. என் பெரியம்மா தன் எழுபத்திரண்டாவது வயதில் முதல் திமிங்கிலத்தைப் பார்த்தது அங்கிருந்துதான், கையில் விபூதிப் பொட்டலத்தோடு.