கான்கிரீட் போட்டதும் மழை வந்தால்

போட்ட முதல் 4 மணி நேரம்தான் ஆபத்து. மேல்பரப்பில் உள்ள சிமெண்ட் பாலை மழை அடித்துக்கொண்டு போய்விடும். மணலும் ஜல்லியும் பல்லிளிக்கும். 8 மணி நேரம் கடந்து நன்றாக இறுகியிருந்தால் பயமில்லை. அந்த மழை நீராற்றலுக்கு, அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்து வலுவாக்குவதற்கு, உதவவே செய்யும்.

தார்ப்பாயை நேரடியாக மேலே போர்த்தாதீர்கள், தடம் பதியும். ஓரங்களில் கட்டை வைத்துச் சரிவாகக் கட்டுங்கள். நீர் தேங்கிவிட்டால் மட்டப்பலகையால் மெல்ல ஓரமாகத் தள்ளிவிட்டு, அதன்பிறகே கொத்தனார் கரண்டியால் தேய்த்துவிடுங்கள். பலரும் ஈரத்தின் மேல் உலர் சிமெண்டைத் தூவுவார்கள். தயவுசெய்து வேண்டாம்! அது தனி ஏடாக நின்று, பின்னால் பொருக்குப் பொருக்காக உரிந்துவரும். சில நாள் கழித்து ஆணியால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் மேல்பரப்பு பலவீனம்தான்.

கலவை போடும்போது நனைந்த மணலில் உள்ள நீரையும் கணக்கில் எடுங்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், 120 கிலோ மணலில் 5% ஈரம் இருந்தாலே சுமார் 6 லிட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதைக் குறைத்து ஊற்றுங்கள்.

பக்கத்தில் செடிகள் இருந்தால் இடையே மண்வரப்பு கட்டுங்கள். சிமெண்ட் நீரின் காரத்தன்மை பிஎச் 12-ஐத் தாண்டும், வேரைக் கருக்கிவிடும். சட்டி, கரண்டி கழுவிய நீரும் பாத்திக்குப் போகக் கூடாது. மழை விட்டதும் ஈரப்பாத்தியை மிதிக்காதீர்கள். மண் இறுகி வேருக்குக் காற்று போகாது.