இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்கள் புதுச்சேரிக்குக் குடிவந்தால்

பிரான்சில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு வருகிற சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தார்) குடும்பத்துக்காரர்கள், லண்டனிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து இங்கே வீடு வாங்கித் தங்குகிறவர்கள், பிரான்சைச் சேர்ந்த ரெயூனியன் தீவிலோ பாரிஸ் பக்கமோ பிறந்து முதல்முறையாகப் புதுச்சேரியில் குடித்தனம் வைக்கிற பிள்ளைகள் என்று வருஷா வருஷம் நிறைய பேர் வருகிறார்கள். அவர்களில் வயதானவர்கள் பலருடைய பெட்டியில் ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை இருக்கிறது. எனக்கும் அதே மாத்திரைதான். பேங்க் கணக்கு, கேஸ் இணைப்பு, வாடகை ஒப்பந்தம் பற்றியெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். இந்த மாத்திரையோடு இந்த ஊரில் எப்படி இருப்பது என்று சொல்லித்தர ஆள் குறைவு என்பதால் எழுதுகிறேன்.

நோய் இதுதான். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். டாக்டர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். ரத்தம் அங்கே தேங்குவதால் இடது மேலறையில் இருக்கும் ஒரு சின்னப் பையில் ரத்தக் கட்டி உருவாகலாம். அது புறப்பட்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் இருப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. படபடப்பு நின்றுவிட்டது, உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக மாத்திரையை விடக் கூடாது. மாத்திரை படபடப்புக்கு இல்லை, கட்டிக்கு.

ஊர் மாறும்போது உங்கள் இதயம் மாறுவதில்லை. ஆனால் மாத்திரையைச் சுற்றி இருப்பதெல்லாம் மாறிவிடுகிறது. பெயர், சாப்பாடு, வெயில், காய்ச்சல், கிளினிக் பழக்கம் எல்லாமே. அதனால் வந்த முதல் இரண்டு மூன்று மாதம்தான் அதிகக் கவனம் தேவைப்படும் காலம்.

விமானம் ஏறுமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்காக, வால்வு மாற்றியிருக்கிறதா, வால்வு சுருக்கம் உண்டா, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் எவ்வளவு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். கடைசியாகப் பார்த்தபோது எவ்வளவு, இவ்வளவும் வேண்டும். பிரான்சிலிருந்து வருகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அங்கே பழைய நோயாளிகள் பலர் ப்ரெவிஸ்கான் என்ற மாத்திரையைச் சாப்பிட்டுப் பழகியவர்கள். அதிலுள்ள ஃப்ளுயின்டியோன் பெரும்பாலும் பிரான்சில் மட்டுமே புழங்குகிற மருந்து. 2018 டிசம்பரிலிருந்து அங்கேயே புதிதாக யாருக்கும் அதைத் தொடங்குவதில்லை. இங்கே எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்காது. கையிருப்பு தீர்ந்தபிறகு தேடக் கூடாது. கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள டாக்டரிடம் வேறு மருந்துக்கு மாற்றிக்கொண்டு, அளவு நிலைக்கு வந்ததும் புறப்படுவதுதான் சரி.

அங்கே கொடுக்கும் இன்னொரு மாத்திரையான சின்ட்ரோம் (மூலப்பெயர் அசெனோகூமரால்) சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதே மருந்து இங்கே அசிட்ரோம் என்ற பெயரில் கிடைக்கிறது. ஆனால் பிரான்சில் 4 மில்லிகிராம் மாத்திரையைக் கால், அரை என்று உடைத்துச் சாப்பிட்டுப் பழகியிருப்பீர்கள். இங்கே 1, 2, 3, 4 என்று தனித்தனியாக வரும். "அரை மாத்திரை" என்ற பேச்சையே விட்டுவிட்டு மில்லிகிராம் கணக்கில் பேசுங்கள். லண்டன்காரர்கள் இதே வகையைச் சேர்ந்த வார்ஃபரினை நிறத்தை வைத்து அடையாளம் காண்பார்கள்: பழுப்பு 1, நீலம் 3, இளஞ்சிவப்பு 5. இந்த நிறக் கணக்கை இங்கே நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும்.

புதிய வகை மாத்திரைகளான அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டாபிகாட்ரான் எல்லாம் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. பல கம்பெனிகள் போடுவதால் விலையும் முன்னைவிட வெகுவாக இறங்கியிருக்கிறது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டுவந்த எலிக்விஸ் ஒரு டப்பாவில், இங்கே டாக்டர் எழுதிக்கொடுத்த அபிக்ஸபான் வேறு பெயரில் இன்னொரு டப்பாவில். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமல் இரண்டையும் விழுங்குகிறவர்கள் உண்டு. பழைய டப்பாவைத் தனியாக எடுத்துப் பூட்டி வையுங்கள். டாபிகாட்ரான் கேப்சூல் ஈரம் பட்டால் கெட்டுவிடும். கடற்கரை ஊர், சுவரிலேயே உப்புப் பூக்கிற காற்று. அதை வாராந்திர மாத்திரைப் பெட்டியில் பிரித்துப் போடாமல், அதன் சொந்த அட்டையிலேயே விட்டுவையுங்கள்.

மாத்திரை நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாரிஸில் இரவு 8 மணி என்றால் இங்கே வெயில் காலத்தில் இரவு 11.30, குளிர் காலத்தில் 12.30. அந்த நேரத்தில் யார் விழித்திருந்து சாப்பிடுவது? எந்த நேரத்துக்கு, எப்படி மாற்றுவது என்று கிளம்பும்போதே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டையாகப் போடவே கூடாது.

டாக்டரை வந்த முதல் வாரத்திலேயே பாருங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, ஊருக்குள் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, காலாப்பட்டில் பிம்ஸ், கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி. கடலூரில் தங்குகிறவர்களுக்கு அங்கே அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் சரி, எல்லாவற்றுக்கும் ஒரே டாக்டர், ஒரே லேப் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் லேப்பில் "பி.டி. ஐ.என்.ஆர்." என்று கேட்டால் போதும். வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். பிரான்சில் மாதம் ஒருமுறை பார்த்துப் பழகியவர்களும் இங்கே வந்த புதிதில் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. காரணம் அடுப்படியில் இருக்கிறது.

வார்ஃபரின், அசிட்ரோம் வகை மாத்திரைகள் வைட்டமின் கே என்ற சத்துக்கு எதிராக வேலை செய்கின்றன. அந்தச் சத்து கீரையில் கொட்டிக் கிடக்கிறது. பாரிஸ் பக்கத்துக் கார்ழ் லெ கோனேஸில் வாரம் ஒருமுறை உறையவைத்த பசலைக்கீரை வாங்கியவர், இங்கே வாசலில் கீரைக்காரம்மா குரல் கேட்டதும் அரைக்கீரை, முளைக்கீரை, முருங்கைக்கீரை என்று தினம் ஒரு கட்டு வாங்க ஆரம்பிப்பார். ஆசை இருக்கத்தானே செய்யும். இரண்டே வாரத்தில் ஐ.என்.ஆர். 1.4-க்கு இறங்கிவிடலாம், அதாவது மாத்திரை சாப்பிட்டும் போதிய பலன் இல்லை. இதைக் கேட்டு இன்னொரு கூட்டம் கீரையையே தொடாமல் விட்டுவிடும். அதுவும் தப்பு, அப்போது அளவு மேலே ஏறும். கீரை சாப்பிடுங்கள். வாரத்தில் இத்தனை நாள், இத்தனை கரண்டி என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டு, அந்த வழக்கத்துக்கு ஏற்ப மாத்திரை அளவை டாக்டர் அமைக்கட்டும். புதிய வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கீரைக் கணக்கே கிடையாது. நிம்மதியாகச் சாப்பிடலாம்.

ஆனால் ரிவரோக்ஸபான் சாப்பிடுகிறவர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. 15, 20 மில்லிகிராம் மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டதோடுதான் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருக்கிற வீடுகளிலும், நோன்பு இருக்கிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். வெறும் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு மாத்திரையைப் போட்டால் போதாது. விரதம் முடித்துச் சாப்பிடுகிற வேளையோடு மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடியில் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு அலகு குத்துவது நமக்கு வேண்டாம். மொட்டை போடுவதாக இருந்தால் நாவிதரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் மனசில் நிற்கிற விஷயம். நம் ஊரில் காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனால் இடுப்பில் ஒரு ஊசி போட்டு அனுப்புவது இன்னமும் வழக்கம். ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி நமக்கும். பாரிஸ் பக்கத்துச் சார்செல்லிலிருந்து வந்திருந்த என் சித்தப்பாவுக்கு அப்படி ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். அவரும் வாய் திறந்து சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் இடுப்பிலிருந்து முழங்கால் பின்பக்கம் வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய், தொட்டால் கல்லாக இருந்தது. ஐ.என்.ஆர். 4-ஐத் தாண்டியிருந்தது. நல்லவேளையாகப் பெரிய ஆஸ்பத்திரியில் சமாளித்தார்கள். உட்காரக்கூட முடியாமல் அவர் பட்ட பாடு பெரிது. அதனால் டாக்டர் நாடி பிடிக்கக் கை நீட்டுமுன்பே சொல்லுங்கள்: "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன், சதையில ஊசி வேண்டாம்." தடுப்பூசி போன்றவை தவிர்க்க முடியாதவை. அவற்றை மெல்லிய ஊசியில் கையில் போட்டுக்கொண்டு, பஞ்சால் தேய்க்காமல் சில நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

மருந்துக் கடையும் அப்படித்தான். முட்டிவலி என்றால் சீட்டு இல்லாமலே இரண்டு மாத்திரை வெட்டிக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். "பாராசிட்டமால்தான், ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் ஏதாவது பாராசிட்டமாலோடு சேர்ந்திருக்கும். நம் மாத்திரையோடு அவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். வலிக்குத் தனிப் பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் அளவோடு. மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் போன்றவை வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாகப் பழைய மாத்திரை, புதிய மாத்திரை இரண்டின் பலனையும் இறக்கிவிடும். சித்த மருந்து, லேகியம், நிலவேம்புக் கஷாயம் எதுவானாலும் இதய டாக்டருக்குத் தெரியாமல் தொடங்க வேண்டாம். பாட்டி வைத்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்த மாத்திரையோடு சேரும்போது என்ன ஆகும் என்பதைப் பாட்டி பார்த்ததில்லை.

பல் பிடுங்கப் போனால் "மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்று சொல்கிற பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சாதாரணமாக ஒன்றிரண்டு பல் எடுப்பதற்குப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதே இல்லை. இரண்டு டாக்டர்களையும் போனில் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள், தயங்க வேண்டியதில்லை.

சரக்கு இங்கே மலிவு, பழைய நண்பர்கள் வேறு வீடு தேடி வருவார்கள். ஒரே இரவில் நிறையக் குடிப்பது துடிப்பையும் கெடுக்கும், ஐ.என்.ஆரையும் ஏற்றும். வேறு எதுவும் சொல்வதற்கில்லை.

வெயிலில் உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் தளரும். புதிய மாத்திரைகள் ஓரளவும், டாபிகாட்ரான் பெருமளவும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. அக்னி நட்சத்திரத்தில் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் உடனே டாக்டரைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது கிரியேட்டினின் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு கவலைகள். ஒன்று டெங்கு. அதில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இறங்கும், நம் ரத்தமோ ஏற்கெனவே எளிதில் உறையாதது. அந்த மாதங்களில் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போனால் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவதா என்று டாக்டர்தான் முடிவெடுக்க வேண்டும். இன்னொன்று புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தெருவெல்லாம் தண்ணீர். கடை திறக்காது, லேப் திறக்காது. புதிய வகை மாத்திரையின் பலன் ஒரே நாளில் இறங்கிவிடும் என்பதால், ஐப்பசி பிறக்கும்போதே ஒரு மாதத்துக்கான மாத்திரை வீட்டில் இருக்கட்டும், தண்ணீர் ஏறாத உயரத்தில்.

வண்டியில் போனால் பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் போடுங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், ரத்தம் வரவில்லை, தெளிவாகத்தான் பேசுகிறேன் என்று படுத்துவிடாதீர்கள். உள்ளே மெதுவாகக் கசிந்து சில மணி நேரம் கழித்துத் தெரியவரலாம். சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும்கூட, பக்கவாதத்தின் அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள். வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் தொங்குவது, பேச்சு குழறுவது. எண்ணெய் தேய்க்க வேண்டாம், வாயில் தண்ணீரோ மாத்திரையோ ஊற்ற வேண்டாம், 108-ஐக் கூப்பிட வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதைப் போடலாமா கூடாதா என்பது நீங்கள் எந்த உறைவுத் தடுப்பு மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. மருந்தின் மூலப்பெயர், அளவு, சாப்பிடும் நேரம், டாக்டர் போன் நம்பர் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒரு சீட்டைப் பர்ஸிலும் இன்னொன்றைப் பிரிட்ஜ் கதவிலும் வையுங்கள். பிரெஞ்சில் மட்டும் எழுதிய சீட்டு அவசரத்துக்கு உதவாது. மாத்திரை அட்டையில் தினமும் கிழமையைக் குறித்துவிட்டு, ஆம்புலன்ஸ் வந்தால் அந்த அட்டையையும் கையோடு எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள்.