அமெரிக்காவில் ஓர் அரிய ஜெர்மன் குடும்பப் பெயர்: எங்கிருந்து வந்தது, எத்தனை பேரிடம் இருக்கிறது என்று தேடுவது எப்படி?

அமெரிக்காவில் தங்களுக்கு ஜெர்மன் வம்சாவளி என்று சொல்பவர்கள் நான்கு கோடிக்கும் மேல். ஆனால் முன்னோர் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஷ்மிட், முல்லர் மாதிரியான பெயர்களை வைத்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம், ஜெர்மனி முழுவதும் அவர்கள்தான். அரிய பெயர் அப்படியல்ல. பட்டியலில் நாலு பேர்தான் இருப்பார்கள், அந்த நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிடலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவரங்கள் எண்ணுவது குடும்பத்தை அல்ல, எழுத்துக்கூட்டலை. அரிதாகத் தெரியும் பல பெயர்கள், நன்கு பரவிய ஒரு பெயர் நாலைந்து விதமாக எழுதப்பட்டதில் உடைந்துபோன துண்டுகள். இந்த வழிமுறை முழுவதும் அந்தத் துண்டுகளை ஒன்று சேர்ப்பதற்காகத்தான்.

உதாரணத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறேன்: 1953 முதல் 1961 வரை அமெரிக்க அதிபராக இருந்த டுவைட் ஐசன்ஹோவரின் பெயர். அவர் புகழ் உலகம் முழுக்கப் பரவியதே தவிர, அந்தப் பெயர் கொண்ட குடும்பங்கள் என்னவோ குறைவுதான்.

படி 1: பெயரின் ஒலியை விரித்து எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் இன்று எழுதப்படும் பெயரை மேலே எழுதுங்கள். அதன் கீழே, ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஒரு குமாஸ்தா அந்தப் பெயரைக் காதால் கேட்டிருந்தால் எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று யோசித்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் வந்திறங்கிய பலருடைய பெயர் அப்படித்தான் ஆவணத்தில் ஏறியது.

ஜெர்மன் பெயர்கள் மாறும் விதத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. மேலே இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்துகள் புள்ளியை இழக்கும். க்யூஸ்டர் என்பது கஸ்டர் ஆனது அப்படித்தான். 'ப்ஃ' என்ற கூட்டொலியில் பாதி உதிரும். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பெர்ஷிங்கின் குடும்பப் பெயர் முதலில் 'ப்ஃபெர்ஷின்' என்று தொடங்கியது. ட-வும் த-வும், ப-வும் ப-வின் அழுத்தமான ஒலியும், க-வும் அதன் மென்மையான ஒலியும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். தென்ஜெர்மன் பேச்சுவழக்கில் இவற்றுக்கிடையே வித்தியாசமே அதிகம் கிடையாது. ஹூபர் அமெரிக்காவில் ஹூவர் ஆனார்.

நம் உதாரணத்தில் ஜெர்மன் வடிவம் ஐசன்ஹாவர். இரும்புத் தாதுவை வெட்டுபவர் அல்லது இரும்பு வேலை செய்பவர் என்ற தொழிற்பெயர். அமெரிக்காவில் இது மூன்று கிளையாகப் பிரிந்தது. சிலர் ஜெர்மன் எழுத்துக்கூட்டலை அப்படியே வைத்துக்கொண்டார்கள். சிலர் அதே ஒலிக்கு ஆங்கில எழுத்துகளைப் போட்டு ஐசன்ஹோவர் ஆனார்கள். மூன்றாவது கிளை முதல் எழுத்தையே மாற்றிவிட்டது: ஆங்கில 'இ'-யில் (E) தொடங்கிய பெயர் 'ஐ'-யில் (I) தொடங்கியது. வட கரோலினாவில் ஐசனவர் என்ற பெயரை இந்த எழுத்துக்கூட்டலில் நிறையப் பார்க்கலாம்.

முதல் எழுத்து மாறினால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பெரிய விஷயம்தான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பழைய அட்டவணைகள் 'சவுண்டெக்ஸ்' என்ற முறையில் தயாரானவை. இதற்கு 1918-இல் காப்புரிமை வாங்கினார்கள். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வார்கள். மீதியில் உயிரெழுத்துகளையும் சில மெல்லிய ஒலிகளையும் நீக்கிவிட்டு, மெய்யெழுத்துகளுக்கு எண் கொடுப்பார்கள். ஸ-வுக்கு 2, ந-வுக்கு 5, ர-வுக்கு 6. ஐசன்ஹாவர், ஐசன்ஹோவர் இரண்டுக்கும் வருவது இ-256. ஐசனவருக்கு வருவது ஐ-256. எண்கள் ஒன்றேதான், ஆனால் அட்டவணையில் இரண்டும் வெகு தூரத்தில் இருக்கும். முதல் எழுத்தை மாற்றிப் பார்க்காதவர்களின் கண்ணில் ஒரு கிளையே படாமல் போய்விடும். அதனால் உங்கள் பெயருக்கும் இந்த எண்ணைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

படி 2: எத்தனை பேர் என்று எண்ணுங்கள்

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனம் குடும்பப் பெயர்களின் பட்டியலை இலவசமாகவே வெளியிடுகிறது. 2010 கணக்கெடுப்பில் நூறு பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் பெயர்கள் 1,62,253. 2000-ஆம் ஆண்டின் பட்டியலில் 1,51,671. கோப்பை இறக்கி, படி 1-இல் எழுதிய எல்லா வடிவங்களையும் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மொத்த எண்ணிக்கை, தரவரிசை, லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதம் மூன்றும் இருக்கும். எல்லா வடிவங்களின் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் உங்களுக்கு வேண்டிய பரவல்.

அளவு புரிவதற்காகச் சொல்கிறேன். 2010-இல் ஸ்மித் என்ற பெயரோடு 24 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 30 கோடியே 87 லட்சம். நூறு பேர் மட்டுமே உள்ள ஒரு பெயர் என்றால், கிட்டத்தட்ட 31 லட்சம் பேரில் ஒருவரிடம்தான் அது இருக்கிறது என்று அர்த்தம்.

பெயர் பட்டியலிலேயே இல்லையா? அந்த வடிவத்தில் நூறு பேருக்கும் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கோப்பில் எழுத்தின் மேல் புள்ளிகள் கிடையாது, இடைவெளியும் கிடையாது. 'ஃபான்' போன்ற முன்னொட்டு உள்ள பெயர்களைச் சேர்த்தெழுதித் தேடுங்கள். தனியார் இணையதளங்கள் உலகம் முழுக்க எத்தனை பேர் என்று காட்டும் எண்கள் மதிப்பீடுகள்தான். திசை பார்க்க உதவும், மேற்கோள் காட்ட உதவாது.

படி 3: கணக்கெடுப்பில் பத்துப் பத்து ஆண்டாகப் பின்னால் போங்கள்

தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகளுக்குப் பிறகுதான் திறக்கப்படும். இப்போதைக்குக் கிடைப்பதில் கடைசி, 2022 ஏப்ரலில் வெளியான 1950 கணக்கெடுப்பு. அதில் தொடங்குங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகப் பார்க்கலாம். கட்டணத் தளமான ஆன்செஸ்ட்ரியை அமெரிக்காவின் பல பொது நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து காசில்லாமல் பயன்படுத்த முடியும்.

எந்த ஆண்டில் எந்தத் தகவல் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நேரம் மிச்சமாகும். 1900 கணக்கெடுப்பில் எந்த ஆண்டு அமெரிக்கா வந்தார் என்ற கேள்வி உண்டு. 1880-இல் அப்பா, அம்மா பிறந்த இடங்கள் உண்டு. 1890 கணக்கெடுப்பைத் தேடி அலையாதீர்கள், 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் அதில் பெரும்பகுதி அழிந்துபோனது. 1850-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1860-இல் பிறந்த இடத்தை வெறுமனே ஜெர்மனி என்று எழுதாமல் பவேரியா, பாடன், வுர்ட்டம்பெர்க், பிரஷ்யா என்று எழுதிய கணக்கெடுப்பாளர்கள் உண்டு. அந்த ஒற்றைச் சொல் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஐசன்ஹோவர் குடும்பத்தில் இதைப் பார்க்கலாம். டுவைட் 1890-இல் டெக்சாஸின் டெனிசன் ஊரில் பிறந்தார், வளர்ந்தது கான்சஸின் அபிலீனில். அவருடைய தாத்தா ஜேக்கப், பென்சில்வேனியாவின் எலிசபெத்வில் ஊரிலிருந்து 1878-இல் ரிவர் பிரதரன் என்ற சமயக் குழுவினரோடு கான்சஸுக்குக் குடிபெயர்ந்தவர். ஆகவே 1880-க்குக் கான்சஸில் தேட வேண்டும், 1870-க்குப் பென்சில்வேனியாவில். கான்சஸிலேயே உட்கார்ந்து 1870-ஐத் துழாவினால் வெறுங்கைதான். ஒரு பத்தாண்டில் குடும்பம் காணாமல் போனால், முதலில் பிள்ளைகள் பிறந்த இடங்களைப் பாருங்கள். குடும்பம் நகர்ந்த பாதை அங்கே எழுதியிருக்கும்.

இன்னொரு குறிப்பும் இங்கே கிடைக்கிறது. தாத்தா, பாட்டி காலத்திலேயே எல்லோரும் பென்சில்வேனியாவில் பிறந்தவர்கள் என்றால், அது 19-ஆம் நூற்றாண்டுக் குடியேற்றம் அல்ல. அதற்கும் முந்தையது. எந்தக் கப்பல் பட்டியலைத் திறக்க வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. வட கரோலினாவின் பழைய ஜெர்மன் குடும்பங்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். பென்சில்வேனியாவில் இறங்கி, ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே போனவர்கள் அவர்கள். போகிற வழியில் எழுத்துக்கூட்டலும் மாறியது.

படி 4: கப்பலைக் கண்டுபிடியுங்கள்

1820-க்குப் பிறகு வந்தவர்களுக்குக் கூட்டாட்சி அரசின் பயணிகள் பட்டியல்கள் உள்ளன. புறப்பட்ட துறைமுகத்திலும் தேடலாம். ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை கிடைக்கின்றன, அவற்றில் சொந்த ஊர் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். பிரெமன் வழியாகப் போனவர்களின் சந்ததிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே பழைய பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

18-ஆம் நூற்றாண்டுக்காரர்களுக்கு இருப்பது ஃபிலடெல்ஃபியா. 1727 முதல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானிய ஆண்கள் ஆங்கிலேய அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டியிருந்தது. பல கப்பல்களுக்கு மூன்று பட்டியல்கள் மிஞ்சியிருக்கின்றன: கப்பல் தலைவர் தயாரித்தது ஒன்று, உறுதிமொழிக் கையெழுத்துகள் கொண்டவை இரண்டு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கப்பல் தலைவரின் பட்டியலில் பெயர் காதில் விழுந்தபடி இருக்கும். உறுதிமொழிப் பட்டியலில் அதே ஆள் தன் கையாலேயே ஜெர்மன் எழுத்தில் எழுதியிருப்பார். எழுதத் தெரியாதவர் என்றால் ஒரு குறி மட்டும் இருக்கும், அதன் இரு பக்கமும் குமாஸ்தா பெயரை நிரப்பியிருப்பார். அவரே போட்ட கையெழுத்து கிடைத்துவிட்டால் மூல எழுத்துக்கூட்டலைப் பற்றி இனி யாரிடமும் கேட்க வேண்டாம். நான் இந்த வேலையில் மிகவும் மதிப்பது இந்தப் பட்டியல்களைத்தான்.

ஹான்ஸ் நிக்கோலஸ் ஐசன்ஹாவர் 1741-இல் யூரோப்பா என்ற கப்பலில் ஃபிலடெல்ஃபியா வந்து சேர்ந்தார். அதிபரின் குடும்பம் அவர் வழி வந்தது.

அப்புறம், நியூயார்க் துறைமுகத்தில் இருந்த எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தின் அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் யாராவது சொன்னால், அதை நம்பித் தேடலை நிறுத்திவிடாதீர்கள். 1892-இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தில் இருந்தவர்கள், கப்பல் நிறுவனம் கொண்டுவந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்களே தவிர, புதிதாகப் பெயர் எழுதவில்லை. பெயர் மாறியது பெரும்பாலும் அதற்குப் பிறகு: பள்ளியில், வேலையிடத்தில், குடியுரிமை வாங்கும்போது. 1917-இல் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியபோது பயத்தால் மாற்றிக்கொண்டவர்களும் ஏராளம். போர் விமானி எடி ரிக்கன்பேக்கர் தன் பெயரின் ஜெர்மன் எழுத்துக்கூட்டலைத் திருத்தியதும் அந்த நாட்களில்தான்.

படி 5: ஜெர்மனியில் ஊரைப் பிடியுங்கள்

முதல் நான்கு படிகளை முடிக்காமல் இங்கே குதிக்காதீர்கள். ஜெர்மனியில் அதே பெயரில் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதாலேயே அது உங்கள் குடும்பம் ஆகிவிடாது.

இன்றைய ஜெர்மனியில் பெயர் எங்கே அடர்த்தியாக இருக்கிறது என்று காட்டும் வரைபடங்கள் உள்ளன. மைன்ஸ் நகரின் அறிவியல் அகாதெமி நடத்தும் ஜெர்மன் குடும்பப் பெயர்களின் டிஜிட்டல் அகராதியில் பல பெயர்களுக்கு விளக்கத்தோடு வரைபடமும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசிச் சந்தாதாரர் தரவு இதற்கு அடிப்படை. பெயரின் கடைசி எழுத்துகளும் கைகொடுக்கும். '-லெ' என்று முடிந்தால் தென்மேற்கே ஸ்வாபியா பக்கம், '-ஓ' என்று ஒலித்தால் ஸ்லாவிய வேர் கொண்ட வடகிழக்கு, '-சென்' என்றால் டென்மார்க் எல்லையோரம்.

ஊரின் பெயரோடு 'அர்' சேர்ந்து வந்த பெயர் என்றால் உங்களுக்கு யோகம். ராக்பெல்லர் அப்படிப்பட்ட பெயர். ரைன் நதிக்கரையில் நாய்வீட் அருகே இருந்த ராக்கன்ஃபெல்டு என்ற சிற்றூரின் ஆள் என்று பொருள். அந்த ஊர் 20-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைய கூகுள் வரைபடத்தை மட்டும் நம்பாமல், 1912-இல் ஜெர்மன் பேரரசின் ஊர்களையெல்லாம் தொகுத்த மேயர்ஸ் அகராதியின் இணையப் பதிப்பைப் பாருங்கள். எந்தத் தேவாலயம், எந்தப் பதிவு அலுவலகம் என்பது வரை அதில் இருக்கும்.

ஐசன்ஹாவர் தொழிற்பெயர் என்பதால் ஒரே ஊரில் பிறந்தது என்று சொல்ல முடியாது. இரும்பு வேலை நடந்த இடங்களிலெல்லாம் அது தனித்தனியாக முளைத்திருக்கலாம். ஹான்ஸ் நிக்கோலஸ் புறப்பட்ட ஊர் கார்ல்ஸ்ப்ருன். இன்றைய சார்லாந்தில், பிரெஞ்சு எல்லையை ஒட்டி இருக்கிறது.

படி 6: தேவாலயப் பதிவேட்டில் உறுதி செய்யுங்கள்

பேரரசு முழுவதற்கும் அரசுப் பதிவு வந்தது 1876-இல்தான். அதற்கு முன் பிறப்பும் திருமணமும் இறப்பும் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுகளில் இருக்கின்றன. புராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ஆர்க்கியான் என்ற இணையதளம், கட்டணம் உண்டு. கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு மட்ரிகுலா என்ற தளம், இலவசம்.

பக்கத்தைத் திறந்ததும் கையெழுத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். குரெண்ட் என்ற பழைய ஜெர்மன் எழுத்து அது. அதில் சின்ன 'இ' எழுத்து 'என்' போலவே இருக்கும். 'யூ' எழுத்தின் தலையில் ஒரு வளைவு போடுவார்கள். முதலில் உங்கள் குடும்பப் பெயரை மட்டும் அந்த எழுத்தில் இருபது முறை எழுதிப் பழகுங்கள். அப்புறம் பக்கத்தில் அந்தப் பெயர் தானாகவே கண்ணில் படும். பெண்களின் பெயரோடு 'இன்' சேர்த்து ஐசன்ஹாவரின் என்று எழுதியிருப்பார்கள். அது வேறு பெயர் அல்ல.

பதிவேட்டில் ஊர் உறுதியானாலும் அதற்கும் முன்னால் பாருங்கள். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் தென்மேற்கு ஜெர்மனியின் பலாட்டினேட் பகுதி ஆளில்லாமல் காலியானது. பிறகு ஸ்விட்சர்லாந்திலிருந்து குடும்பங்கள் வந்து அங்கே குடியேறின. அதிபர் ஹெர்பர்ட் ஹூவரின் முன்னோர் ஆந்திரெயாஸ் ஹூபர் 1738-இல் பலாட்டினேட்டிலிருந்துதான் கப்பலேறினார், ஆனால் அந்தக் குடும்பத்தின் வேர் ஸ்விட்சர்லாந்தின் ஆர்காவ் பகுதியில் இருக்கிறது.

படி 7: கிளைகள் ஒரே குடும்பம்தானா?

இரண்டு எழுத்துக்கூட்டல்காரர்களும் ஒரே மூதாதையின் வழியா என்று காகிதங்கள் சொல்லாவிட்டால், ஒய் குரோமோசோம் டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறது. அதுவும் குடும்பப் பெயரைப் போலவே அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது. இரு கிளையிலும் நேரடி ஆண் வழியில் வந்த ஒவ்வொருவர் வேண்டும், 37 குறியீட்டுப் பரிசோதனையில் தொடங்கினால் போதும். ஒத்துப்போகவில்லை என்றால் இரு குடும்பங்களையும் தனித்தனி மரமாகவே வைத்துக்கொள்ளுங்கள், படி 2-இல் எழுதிய எண்ணிக்கைக்குப் பக்கத்திலும் அதைக் குறித்துவையுங்கள். மரத்தை இணையத்தில் ஏற்றும்போது உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் மறைத்துவிடுங்கள்.