எம்விஎஸ் பொது நினைவகம்: சிஎஸ்ஏ-வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1974-இல் ஐபிஎம் தன் மெயின்ஃப்ரேம் கணினிகளுக்காக வெளியிட்ட இயக்கமுறைமையான எம்விஎஸ்ஸில் ஒவ்வொரு வேலைக்கும் 16 எம்பி அட்ரஸ் ஸ்பேஸ், அதாவது அது பயன்படுத்தக்கூடிய நினைவக முகவரிகளின் தொகுப்பு, இருந்தது. அதில் ஒரு பங்கு எல்லா வேலைகளுக்கும் பொதுவானது. எங்கிருந்து பார்த்தாலும் அதே முகவரியில் அதே தகவல் தெரியும். நிரல்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் சிஎஸ்ஏ (காமன் சர்வீஸ் ஏரியா) அங்கேதான் இருக்கிறது.

அங்கே அதிகம் நடப்பது, வாங்கிய இடத்தைத் திருப்பித் தராமல் போவது. ஒரு வேலைக்கு மட்டுமே உரிய பிரைவேட் ஏரியாவில் வாங்கியதை வேலை முடிந்ததும் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். சிஎஸ்ஏ-வில் வாங்கியதை யாராவது ஃப்ரீமெயின் (நினைவகத்தைத் திருப்பித் தரும் கட்டளை) போடும்வரை அது அப்படியே கிடக்கும். ஓட்டத்துக்கு 4 கேபி விட்டுவிடும் நிரல் நாளுக்கு 200 முறை ஓடினால் 800 கேபி போச்சு. 3 எம்பி சிஎஸ்ஏ நான்காம் நாளே தீர்ந்துவிடும், பிறகு ஐபிஎல்தான், அதாவது சிஸ்டத்தையே மறுபடி தொடங்க வேண்டும். போதாததற்கு, சிஸ்டம் தனக்கென வைத்திருக்கும் பொதுப் பகுதியான எஸ்கியூஏ தீர்ந்தால் அதுவும் சிஎஸ்ஏ-விலிருந்தே எடுக்கும். எனவே நிரல் பாதியில் முறிந்தால் ஓடும் இஸ்டே ரிகவரி ரொட்டீனிலும் ஃப்ரீமெயின் இருக்கட்டும். வேலையை ஆபரேட்டர் கேன்சல் செய்தாலும் அது ஓட, இஸ்டேயில் டெர்ம்=யெஸ் என்ற அமைப்பு வேண்டும். ஃபோர்ஸ் கட்டளை போட்டு அட்ரஸ் ஸ்பேஸையே முடித்தால் இஸ்டே ஓடாது. அதற்கு, அட்ரஸ் ஸ்பேஸ் முடியும்போது சிஸ்டம் அழைக்கும் துப்புரவு நிரலான ரிசோர்ஸ் மேனேஜர் தேவை.

இந்த ஒழுகலைத் தேடாமல் சிஎஸ்ஏ அளவைக் கூட்டுவது தீர்வே அல்ல. முகவரி 24 பிட்டாக, அதாவது 16 எம்பிக்குள், இருந்த காலத்தில் கூட்டிய ஒவ்வொரு எம்பியும் எல்லா வேலைகளின் பிரைவேட் ஏரியாவிலிருந்தும் குறைந்தது.

கண்டுபிடிக்கக் கடினமான தவறு இன்னொன்று: சிஎஸ்ஏ-வில் உள்ள கண்ட்ரோல் பிளாக்கில் (நிரல்கள் பகிரும் தகவல் பட்டியலில்) பிரைவேட் ஏரியா முகவரியை எழுதி வைப்பது. உங்கள் அட்ரஸ் ஸ்பேஸில் அந்த முகவரியில் பஃபர் இருக்கும். அடுத்த வேலையில் அதே முகவரியில் வேறு ஏதோ இருக்கும். அங்கே நினைவகப் பக்கமே இல்லையென்றால் 0சி4 என்ற பிழை விழுந்து நிரல் நின்றுவிடும், நல்லது, உடனே தெரிந்துவிடும். இருந்துவிட்டால் சத்தமில்லாமல் தவறான தகவல் வரும். எழுதினால் அடுத்தவர் தகவல் அழியும். நினைவகத்தில் யார் எழுதலாம் என்று தீர்மானிக்கும் எண்ணான ஸ்டோரேஜ் கீயும் தடுக்காது, ஏனெனில் சாதாரண வேலைகள் எல்லாமே கீ 8.

அதே காரணத்தால் சிஎஸ்ஏ-வைக் கீ 8-இல் வாங்கக்கூடாது. எந்த நிரலும் அதில் எழுதிவிடும். எம்விஎஸ்ஸின் இன்றைய வாரிசான இசட்/ஓஎஸ்ஸின் 2.4 பதிப்பு இந்த வழியையே அடைத்துவிட்டது. மற்றவர்கள் படிக்க மட்டும் வேண்டுமா? சிஸ்டத்துக்குரிய கீ 0, சப்பூல் (நினைவக வகை எண்) 241. யாரும் படிக்கவும் கூடாது என்றால் 231. 227, 228 சப்பூல்கள் இரண்டும் வட்டுக்கு மாற்ற முடியாதபடி நிஜ நினைவகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவசியமின்றி அவற்றைத் தொடாதீர்கள்.

பொது எண்ணியைக் கூட்ட லோடு, ஆட், ஸ்டோர் என மூன்று படியில் போனால் இரண்டு சிபியு ஒரே மதிப்பை எடுத்து, ஒரு கூட்டல் தொலையும். கம்பேர் அண்ட் ஸ்வாப் போடுங்கள்: பழைய மதிப்பு மாறாமல் இருந்தால் மட்டுமே புதியதை ஒரே படியில் எழுதும் கட்டளை அது. பயன்படாத பிளாக்குகளை ஒன்றோடொன்று கோத்து வைக்கும் காலி பிளாக் சங்கிலிக்கு அதுவும் போதாது: நீங்கள் தலையிலுள்ள (முதல்) பிளாக்கின் முகவரியைப் படித்து மாற்றுவதற்குள், அதே பிளாக்கையும் அடுத்ததையும் வேறொருவர் எடுத்து, முதலாவதை மட்டும் திரும்ப வைத்திருக்கலாம். தலை முகவரி மாறாததால் ஸ்வாப் வெற்றி பெறும், சங்கிலி அறுந்திருக்கும். அங்கே இரண்டு சொற்களை ஒன்றாக ஒப்பிட்டு மாற்றும் கம்பேர் டபுள் அண்ட் ஸ்வாப். முகவரிக்குப் பக்கத்தில் ஒரு எண்ணி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 1 கூடும்.