ஆழமான ஆயில் பான் வாங்கும் முன் ஃபில்டரைப் பாருங்கள்

டர்போ 400 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்ட பழைய செவர்லே செவல் கார் ஒன்றை கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்துக்குத் தயார் செய்பவர்கள் சீக்கிரமே ஆழமான ஆயில் பான், அதாவது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு, தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஆழத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பச்சை விளக்கு விழுந்து வண்டி பாயும்போது பானில் உள்ள ஆயில் பின்பக்கமாக ஓடிவிடும், அந்த நேரத்தில் ஃபில்டரின் வாய் காற்றை உறிஞ்சினால் பிரஷர் விழும், கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் கருகும். பான் ஆழமாகும்போது ஃபில்டரும் அதே அளவு கீழே இறங்கியாக வேண்டும். பழைய உயரத்திலேயே விட்டால் அடியில் நிற்கும் கூடுதல் 2 லிட்டரை அது எட்டவே எட்டாது. அதனால் நீளமான உறிஞ்சு குழாயோ ஃபில்டரை இறக்கும் துண்டோ கூடவே வருகிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லை என்றால் விலை குறைவு என்பதற்காக எடுக்க வேண்டாம். குழாய் கேஸுக்குள், அதாவது கியர்பாக்ஸின் கூட்டுக்குள், நுழையும் இடத்தில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள், அதில் சின்ன வெட்டு இருந்தாலும் காற்று புகுந்து ஆயில் நுரைக்கும்.

அப்புறம், போல்ட்டை எண்ணி ஆர்டர் போடாதீர்கள். டர்போ 350 என்ற இன்னொரு கியர்பாக்ஸ், டர்போ 400 இரண்டின் பானுக்குமே 13 போல்ட்தான், வடிவம் வேறு. 350-இன் பான் ஒரு மூலை வெட்டிய சதுரம் போல இருக்கும், 400-இன் பான் ஒழுங்கில்லாமல் வளைந்து நெளிந்திருக்கும்.

தரை இடைவெளியை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே அளக்க வேண்டும், ஜாக்கியில் ஏற்றி அளந்தால் தப்பாகத்தான் வரும். ஓட்டுபவர் சீட்டில் உட்காரட்டும், கிராஸ்மெம்பருக்கும் (கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) எஞ்சின் ஆயில் பானுக்கும் அடியில் ஒரு நேரான சட்டத்தைப் பிடித்துப் பாருங்கள். புதிய பான் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் முதல் வேகத்தடையிலேயே அடி வாங்கும். தகர பான் என்றால் நசுங்கும், வார்ப்பு அலுமினியம் விரிசல் விட்டு ஆயிலைக் கொட்டிவிடும். இருந்தாலும் என் ஓட்டு அலுமினியத்துக்கே. விளிம்பு தடிமனாக இருப்பதால் வளையாது, கசிவு குறைவு, வடிகால் போல்ட்டும் பெரும்பாலும் இருக்கும். தடித்த விளிம்புக்கு நீளமான போல்ட் தேவை, பழைய குட்டை போல்ட் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும், முறுக்கினால் கேஸின் மரை கையோடு வந்துவிடும். தகர பானுக்கே சுமார் 16 நியூட்டன் மீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள். சிலிக்கான் பசையைத் தடவாதீர்கள், உள்ளே பிதுங்கும் துணுக்கு ஃபில்டரில் போய் அடைக்கும்.

ஆழமான பான் ஆயில் சூடாவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆயில் கூலர் இல்லாமல் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஆயில் ஊற்றும்போது டிப்ஸ்டிக்கை மாற்ற வேண்டாம், அதிலுள்ள முழு அளவுக் கோடு புதிய பானுக்கும் அப்படியே பொருந்தும், கூடுதலாக எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு ஊற்றுங்கள். சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பார்க்கில் வைத்து, ஆயில் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். கோட்டைத் தாண்டினால் சுழலும் கியர்கள் ஆயிலை அடித்து நுரையாக்கி கியர்பாக்ஸின் காற்றுப்போக்கிக் குழாய் வழியே வெளியே தள்ளும், பக்கத்திலேயே கொதிக்கும் எக்ஸாஸ்ட் பைப் மேல் அது விழலாம்.