மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் மாதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஸ்சார்ஜ் ஆகி வந்தவர் நன்றாகத் தூங்குகிறார், சாப்பிடுகிறார். "இன்னும் எதுக்கு மாத்திரை?" என்ற பேச்சு அப்போதுதான் வீட்டில் எழும். அவர் தூங்குவதே பெரும்பாலும் அந்த மாத்திரையால்தான். நிறுத்திய மறுநாளே நோய் திரும்பிவிடாது, வாரங்கள் கழித்துத் திரும்பும். அதனால்தான் நிறுத்தியது தவறு என்று பலருக்குப் புரிவதில்லை.

மெடிக்கல் ஷாப்பில் வேறு கம்பெனி ஸ்ட்ரிப் தருவார்கள். வீட்டில் பழையதும் இருக்கும். இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாமல் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். பிராண்டைப் பார்க்காமல் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒப்பிடுங்கள்.

மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சென்னையின் கத்திரி வெயிலே ஆபத்து. வியர்வையிலோ வயிற்றுப்போக்கிலோ நீர்ச்சத்து குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். திடீரென உப்பைக் குறைத்தாலும், மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போட்டாலும் ஏறும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். லித்தியம் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது கடைசி வேளைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அளவு கூடுதலாகத்தான் காட்டும்.

குளோசபின் (மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்கான மாத்திரை) 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸை அப்படியே தொடங்கக் கூடாது, டாக்டரைக் கேளுங்கள்.

சாம்பாரில் மாத்திரையைக் கலக்காதீர்கள். சந்தேகமே நோயாக இருப்பவர் அதைக் கண்டுபிடித்தால், அப்புறம் வீட்டுச் சாப்பாட்டையே தொடமாட்டார். மாத்திரை மறுக்கிறார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சில மருந்துகள் மாதம் ஒருமுறை போடும் ஊசியாகவும் கிடைக்கின்றன.

காலை ஒன்பது மணிவரை படுத்திருந்தால் சோம்பேறி என்று திட்டுகிறார்கள். இது மிகவும் வருத்தும் விஷயம். அது இரவு மாத்திரையின் மயக்கமாக இருக்கலாம். அதைச் சற்று முன்னதாகக் கொடுக்கலாமா என்று கேட்டால் டாக்டர் நேரத்தை மாற்றித் தருவார். வீட்டில் ஓயாத குறை சொல்லல் இருந்தால் ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) திரும்பும் வாய்ப்பு கூடும். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள்.

தற்கொலை அபாயம் மிகுந்திருப்பது டிஸ்சார்ஜுக்குப் பின்வரும் முதல் வாரங்களில்தான். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416 எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.